சக்கரத்தை நீயே கட்டு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

அன்புள்ள கயலுக்கு,

மலைப்பாதையில் ஓட்ட நீயே பூட்டப்போகும் சைக்கிளுக்கு அனுப்பிய சாமான் பட்டியலைக் கடையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். குரோமோலி 4130 என்கிற கலப்பு ஸ்டீல் பிரேம் என்று முடிவு செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. சிக்மகளூர் பக்கத்துக் கல்லும் வேருமான பாதையில் ஓட்டினால் வண்டி கீழே விழத்தான் செய்யும். ஸ்டீல் கொஞ்சம் கோணினால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் போதும் என்பதும் சரி.

ஒரே ஒரு இடத்தில்தான் மனசு ஒப்பவில்லை. கியருக்கு அவ்வளவு காசு ஒதுக்கிவிட்டு, சக்கரம் மட்டும் விலை குறைந்த ரெடிமேட் ஜோடி என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. கியர் சுமாராக இருந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் முன்சக்கரம் கோணி எட்டு போட்டுக்கொண்டால் நீ எங்கே போய் விழுவாய்? கியரில் ஒரு படி இறங்கு. மிச்சமாகும் காசில் நல்ல ஹப் (நடுக் குடம்), ரிம் (வெளி வளையம்), இரண்டையும் இணைக்கிற கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்கி நீயே சக்கரம் கட்டு. நான் சொல்லித் தருகிறேன்.

உன் சக்கரம் 29 இன்ச் என்றதும் நம் கடைக்கு வரும் பழைய 28 இன்ச் வண்டியைவிடப் பெரிய ரிம் என்று நினைத்துவிடாதே. நம்ம ஊர் 28, ஒன்றரை இன்ச் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். உன் 29க்கு 622தான். தடித்த டயர் ஏறுவதால்தான் வெளிச்சுற்று 29 இன்ச் வருகிறது. அந்தப் பழைய வண்டிக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. நெல் மூட்டை ஏற்றினாலும் தாங்கும். உனக்கு இரண்டு பக்கமும் 32 போதும். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கிற மாதிரிக் கோர்க்க வேண்டும். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது ஹப் திருகும். அந்த முறுக்கை வாங்கிக்கொள்ள கம்பி சாய்வாகத்தான் இருக்கணும், நேராக நிற்கக் கூடாது.

இறுக்கம்தான் இதில் உயிர். சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் இருக்கிற கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. முதலிலேயே நன்றாக முறுக்கியிருந்தால் தளர்ந்த பிறகும் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கும். லூசாக விட்டால் முழுக்கத் தொய்ந்து வெடுக்கென்று இழுபடும், அப்படியே நாளடைவில் ஹப்பில் மாட்டுகிற வளைந்த கழுத்தில் அறுந்துவிடும். பலர் நினைப்பதற்கு நேர்மாறு இது: அறுகிற கம்பிகளில் பாதிக்கு மேல் லூசாக இருந்தவை என்பதுதான் நான் கடையில் பார்த்தது. உன் மாதிரி ரிம்முக்கு ஒவ்வொரு கம்பியிலும் 100 முதல் 120 கிலோ வரை இழுவிசை பொதுவாக வைப்பார்கள். ரிம் கம்பெனி சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதே. டென்ஷன் மீட்டர் ஒன்று வாங்கிவிடு. காதையும் பழக்கு: ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டினால் ஒரே சுதியில் பேச வேண்டும். பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கம் மறுபக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும், பயப்படாதே. பெண்டு எடுத்து, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி ஒருமுறை பார். இந்த வேலையைத் தவிர்த்தால் முதல் இறக்கத்திலேயே சக்கரம் ஆடும்.

கம்பியை ரிம்மில் பிடித்து முறுக்குகிற நிப்பிளைப் பித்தளையில் வாங்கு. எடைக்காக அலுமினியம் தேடாதே. நீ ஊருக்கு வரும்போது வண்டியும் வரும், இந்தக் கடற்காற்றின் உப்பில் அலுமினிய நிப்பிள் அரித்துப் பிடித்துக்கொண்டால் ஸ்பேனர் வைத்தாலே உடையும். அப்புறம், பிரேக் ஆயிலில் கவனம். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் கம்பெனியின் நிறைய பிரேக்குகளுக்கு டாட் (DOT) ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் ஊறிக் கெட்டுவிடும்.

முதல் ஓட்டத்தைச் சிக்மகளூர் மலையில் வைக்காதே. இங்கே கொண்டுவா. கேப்பர் மலை முந்திரித் தோப்புச் செம்மண்ணிலும், ஆரோவில் பக்கத்து மேடுபள்ளத்திலும் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்டாண்டில் ஏற்றுவோம். புதுக் கம்பி கொஞ்சம் ஓடிய பிறகுதான் தன் இடத்தில் சரியாக உட்காரும்.

கம்பியை மட்டும் இப்போதே வாங்கிவிடாதே. ஹப்பும் ரிம்மும் கைக்கு வந்ததும் மூன்று அளவு எடுத்து அனுப்பு: ரிம்மில் நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டம், ஹப்பின் இரண்டு பக்கமும் ஓட்டை வட்டத்தின் விட்டம், ஹப்பின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள தூரம். முன்னும் பின்னும், இடமும் வலமும் நீளம் வேறாகலாம். கணக்கைப் போட்டு நான் சொல்கிறேன். கம்பி குட்டையாகிவிட்டால் நிப்பிளின் தலை தெறித்துவிடும்.

அம்மா ஹெல்மெட்டைப் பட்டியலில் காணோமே என்று கேட்கிறாள். அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா