வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானபடி, இந்த ஆண்டு முழுவதும் அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரின் சிறுகதைகளை மட்டுமே வாசித்தோம். அவர் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் 1925 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று பிறந்தவர். இது அவருடைய நூற்றாண்டு. லூபஸ் நோயால் 1964 ஆகஸ்ட் 3இல், 39 வயதில் மறைந்தார். அவர் கத்தோலிக்கர். ஆனால் அவர் கதைகளில் நடமாடுகிறவர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்டுகள் என்னும் சீர்திருத்த சபையார், ஊர் ஊராகப் போகும் பிரசங்கிகள், விசுவாசமே இல்லாத படிப்பாளிகள். ஆண்டு முழுவதும் நம்மை வேலை வாங்கியது இந்த இடைவெளிதான்.

கூட்டத்துக்கு ஒரு கதை, இரண்டு மணி நேரம். கதையை இரண்டு முறை படித்துவிட்டு வர வேண்டும், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. விபரீதம் நிகழும் வரிக்கு ஒரு கோடு. அதற்கு முன்னால் அந்தப் பாத்திரம் தன்னைத்தானே மெச்சிக்கொண்ட இடங்களுக்கெல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோடு ஏன் அங்கே விழுந்தது என்பது பிடிபடுகிறது. ஒரே முறை படித்துவிட்டு வந்தவர்கள் "இத்தனை குரூரம் எதற்கு?" என்றுதான் தொடங்கினார்கள். அவர்கள் தாளில் புள்ளி ஒன்றுகூட இருக்காது.

முதல் இரண்டு கூட்டங்கள் சரியாக அமையவில்லை. மரக்கால் வைத்த தத்துவ முனைவர் ஹல்காவின் கதையில், மரக்கால் எதன் குறியீடு என்பதிலேயே பாதி நேரம் போய்விட்டது. அது முதலில் மரக்கால். பத்து வயதில், வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு இழந்த காலுக்கு மாற்று. பைபிள் விற்கிற இளைஞன் அதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வைக்கோல் பரணிலிருந்து இறங்கிப் போகும்போது, அவளால் எழுந்து நடக்க முடியாது. அந்த இயலாமையைக் கண்ணால் கண்ட பிறகுதான் மற்ற அர்த்தமெல்லாம். அவன் காலைத் திருடப்போகிறான் என்பது, அந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி முன்பு வரை எழுதியவருக்கே தெரியாதாம். மூன்றாம் கூட்டத்திலிருந்து "இது எதைக் குறிக்கிறது?" என்ற கேள்வியை முதல் ஒரு மணி நேரத்துக்குத் தடை செய்தோம். அதன் பிறகு பேச்சு நன்றாக ஓடியது.

ஆங்கிலத்தில் 'க்ரொட்டெஸ்க்' எனப்படும் இந்த எழுத்துவகைக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? விகாரம், கோரம், அகோரம் எல்லாவற்றையும் பார்த்தோம். எதிலும் சிரிப்பு இல்லை. ஓ'கானரோ வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அடிக்கிறார். உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கைகொடுத்தது. எள்ளலிலும் பேதைமையிலும் பிறப்பது நகை. மூப்பிலும் பிணியிலும் பிறப்பது இளிவரல், அதாவது இழிவுணர்ச்சி. புதுமையிலும் பெருமையிலும் பிறப்பது மருட்கை, அதாவது வியப்பு. நகையும் இளிவரலும் ஒரே உடம்பில் கூடி, கடைசிப் பக்கத்தில் மருட்கையாக மாறுவது என்று வைத்துக்கொண்டால் அவருடைய நல்ல கதைகள் எல்லாம் அதில் அடங்குகின்றன. பக்தியும் விகார உருவமும் ஒன்றாக வருவதில் தமிழருக்கு அதிர்ச்சி இருக்கத் தேவையில்லை. தன்னைப் பேய் என்றே பாடிய காரைக்கால் அம்மையார் நமக்கு உண்டு.

ஆண்டின் பெரிய வேலை, 'ரெவலேஷன்' கதையை உறுப்பினர் பயிற்சிக்காகத் தமிழாக்கியது. தலைப்பே தகராறு. விவிலியத்தின் கடைசி நூலைக் கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்கிறோம், சீர்திருத்த சபையார் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்கிறார்கள். எதைப் போட்டாலும் கதையின் நாயகி திருமதி டர்பினை ஒரு கோயிலில் உட்கார வைத்ததாகிவிடும் என்பதால் 'வெளிப்பாடு' என்று நிறுத்தினோம். அவர் பேச்சுக்கு மட்டும் சீர்திருத்த சபைத் தமிழ்: அருள் அல்ல, கிருபை, "நன்றி ஆண்டவரே" அல்ல, "ஸ்தோத்திரம் இயேசுவே". முதல் வரைவில் எல்லார் வாயிலும் கத்தோலிக்கத் தமிழே புகுந்துவிட்டது. வரைந்தவர் கத்தோலிக்கர், காதில் இருந்தது கைக்கு வந்தது. மருத்துவரின் காத்திருப்பு அறையில் புத்தகத்தை வீசி அடிக்கும் பெண்ணின் பெயர் மேரி கிரேஸ்; கிரேஸ் என்றால் அருள். 'அருள்மேரி' என்று மாற்றலாமே என்றார்கள். அழகுதான், ஆனால் ஜார்ஜியா மறைந்து தூத்துக்குடி வந்துவிடும். பெயரை அப்படியே விட்டோம்.

கடினமான வரி, பன்றித் தொழுவத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு திருமதி டர்பின் கடவுளைப் பார்த்துக் கத்துவது. ஜெபத்தில் கடவுளை 'நீர்' என்பதே நம் வழக்கம். அதனால் முதலில் "நீர் யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்?" என்று எழுதினோம். மரியாதை கெடவில்லை, வரி செத்துவிட்டது. உடனே அடுத்து அந்தக் கேள்வி வயல்வெளியைத் தாண்டிப் போய், பதில்போல அவரிடமே திரும்பி வருகிறது. திரும்பி வருவது கடவுளின் கேள்வி என்றால் அது 'நீ' என்றுதான் வர வேண்டும். ஆகவே கேட்கும்போதும் "நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" அதுவரை 'நீர்' என்று ஜெபித்த வாய் அந்த ஒரு வரியில் 'நீ' என்று இறங்குகிறது. ஆங்கிலத்தில் இந்த இறக்கத்துக்கு இடமே இல்லை. நான்கு வரைவு பிடித்த வரி இது. இந்த ஆண்டில் நான் மிகவும் மகிழ்ந்ததும் இதற்காகத்தான்.

கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொற்கள் கதைகளில் ஏராளம். வாசிக்கும்போது அவற்றை உரக்கச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம், அச்சில் உள்ளதை மறைக்கவும் இல்லை. கடிதங்களில் அவர் சொந்தக் குரலிலேயே இனவெறுப்பு தெரிகிறது. அதைப் பேசாமல் அவரைப் புனிதராக்குவது சரியல்ல என்பது என் கருத்து. அதற்கு ஒரு கூட்டம் முழுவதையும் ஒதுக்கியிருக்க வேண்டும், அரை மணி நேரம்தான் கொடுத்தோம்.

தமிழாக்கத்தை நூலாக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். நாம் இருக்கும் சிங்கப்பூரில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள், அதாவது 2034 டிசம்பர் 31 வரை. இந்தியாவில் 60 ஆண்டுகள்தான் என்பது உண்மை, ஆனாலும் இங்கே வெளியிட இங்குள்ள சட்டமே பொருந்தும். உரிமையாளரிடம் எழுதிக் கேட்கும்வரை பிரதி வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வெளியே அனுப்ப வேண்டாம்.

ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குச் சேர்ந்து போனதையும் பதிவு செய்கிறேன். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த கோயில் அது. ஓ'கானர் 1958இல் பிரான்சின் லூர்து நகருக்கு ஊன்றுகோலோடு போனார். தன் எலும்புகளுக்காக வேண்டவில்லை, எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக வேண்டிக்கொண்டார்.

வரவு செலவு தனித்தாளில் உள்ளது. கையிருப்பு போதுமானது, செலவில் பெரும்பகுதி தேநீரும் கறிபஃபும்தான்.

அடுத்த ஆண்டு 'பார்க்கர்ஸ் பேக்' கதையில் தொடங்குகிறோம். முதுகில் கிறிஸ்துவின் முகத்தைப் பச்சை குத்திக்கொண்டவனை மனைவி துடைப்பத்தால் அடிக்கும் கதை. துடைப்பம் படுவது யார்மேல் என்று பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். நூலகத்தில் பிரதிகள் குறைவு, இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.

செயலாளர்