குண்டு எத்தனை வேணும்ங்கறது குத்துமதிப்புக் கணக்கு இல்லைங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு கட்டுரையில "ராணுவம் குத்துமதிப்பா குண்டு வாங்கி குடோன்ல போட்டு வீணாக்குது"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. வெடிமருந்து டிப்போவுலயே சர்வீஸ் முடிச்சு ஊருக்கு வந்தவனுங்க நான், அந்த வரியப் படிச்சதுல இருந்து சோறு எறங்கலைங்க.

மாட்டுக்குத் தட்டுப்போர் போடறப்ப எத்தனை உருப்படி, ஒண்ணு நாளைக்கு எவ்வளவு திங்கும், மழை பேஞ்சு பச்சை கெடைக்க எத்தனை நாளாகும்னு பாக்கறமில்லீங்களா, அதே கணக்குதானுங்க. எத்தனை பீரங்கி, ஒரு பீரங்கி நாளைக்கு எத்தனை ரவுண்டு அடிக்கும், சண்டை எத்தனை நாள். கடும் சண்டைக்கு ஒரு ரேட்டு, சாதா சண்டைக்கு ஒரு ரேட்டு, சாதா மூணு நாள் கடும் சண்டை ஒரு நாளுக்குச் சமம். நம்ம ராணுவத்துக்குப் போட்ட அளவு 40 நாள், அதாவது கடும் சண்டை 30 நாள், சாதா 30 நாள் (அது கடும் சண்டை 10 நாளுக்குச் சமம்). கொறைஞ்சது 20 நாளுக்காவது கையில இருக்கோணும். ஆனா 2013 மார்ச்சுல பாதி ரகம் 10 நாளைக்கே பத்தாதுன்னு 2015ல சிஏஜி, அதானுங்க அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்றவங்க, அவங்க அறிக்கை வந்துச்சு, உங்களுக்குத் தெரியாததில்லைங்க. கார்கில்ல டைகர் ஹில்லப் புடிச்ச அன்னைக்கு மட்டும் 9,000 ரவுண்டு போச்சு. அப்புறம் எப்படீங்க வீணாக்குதுன்னு எழுத மனசு வந்துச்சு?

குண்டு மட்டும் இருந்தாப் பத்தாதுங்க, குண்டை வெடிக்க வெக்கற ப்யூஸ், குண்டைத் தள்ளற மருந்தான சார்ஜ், அந்த மருந்தைப் பத்த வெக்கற ப்ரைமர் எல்லாம் சரிக்குச் சரி இருக்கோணும், ஒண்ணு கொறைஞ்சாலும் மத்ததெல்லாம் சும்மா கெடக்கும். மரப்பொட்டி மேல ஸ்டென்சில் அடிச்ச லாட் நம்பர் (எந்தத் தொகுதியில செஞ்சதுங்கற நம்பர்), வருசம் பாத்து, பழசை முதல்ல ட்ரெயினிங்குக்கு அனுப்பி, குடோன் சூடு எவ்வளவுன்னு தெனமும் நோட்டுல எழுதி வெச்சுத்தானுங்க அதையெல்லாம் காப்பாத்தினோம்.

இது மட்டுமில்லைங்க. கொடிநாளுக்கு ஓரமா ஒரு துண்டுச் செய்தி, முன்னாள் ராணுவத்தான்னா கார்ட்டூன்ல கையில ஒரு பாட்டில், இதைப் பாத்துப் பாத்து ஊருக்குள்ள எங்களைப் பாத்தாலே கேன்டீன் சரக்கு இருக்கான்னுதான் கேக்கறாங்க. பென்சன் பத்தி முந்தி நான் எழுதின லெட்டரையும் பாதி வெட்டித்தான் போட்டீங்க. அப்பாரு காலத்துல இருந்து எங்க ஊட்டுல உங்க பேப்பர்தானுங்க, அந்த உரிமையிலதான் கேக்கறேன்.

அந்தக் கட்டுரைப் படத்துக்குக் கீழ "வீணாகும் குண்டுகள்"னு போட்டிருக்கறது குண்டே இல்லைங்க, சுட்டு முடிச்ச காலி கேஸு, வெறும் கூடு. அதுக்காவது ஒரு திருத்தம் போடுங்க, அதே பக்கத்துல.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தான் ஒருத்தன்,
கோபிசெட்டிபாளையம் பக்கம்