அந்த மணியை எங்கே படித்தீர்கள்? அறியப்படாத வரலாறு சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ‘உங்களுக்குத் தெரியாத வரலாறு’, ‘பாடப்புத்தகம் மறைத்த உண்மை’ என்றெல்லாம் தலைப்பிட்டு நாள்தோறும் எழுதியும் காணொளி போட்டும் வருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பெயர் குறிப்பிடப் போவதில்லை. நியூசிலாந்தில் கிடைத்த, தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணியைப் பற்றிக் காணொளி போட்டவருக்கு இது தம்மைப் பற்றியது என்று தெரிந்துவிடும்.

நான் வரலாற்று ஆசிரியை. என் மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியில் அந்த மணியைப் பற்றிப் பேசினாள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் அங்கே ஆட்சி செய்தார்கள், அதற்கு அந்த மணியே சாட்சி என்று உங்கள் காணொளி சொன்னதை அப்படியே நம்பிச் சொன்னாள். நடுவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதை எங்கே படித்தாய்?” அவள் உங்கள் அலைவரிசையின் பெயரைச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. “சரி, அவர்கள் எங்கே படித்தார்களாம்?” என்றார்.

அன்றிரவு அந்தக் கேள்விக்குப் பதில் தேடி உங்கள் காணொளியை அவள் மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறாள். பதினோரு நிமிடம் ஓடுகிற காணொளி. முன்னோட்டத்துக்கு நேரம் இருக்கிறது, பின்னணி இசைக்கு நேரம் இருக்கிறது, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல மட்டும் ஒரு நொடிகூட இல்லை. அதற்குப் பிறகு வகுப்பில் அவள் கை தூக்குவதே இல்லை. பேச்சை முன்கூட்டியே சரிபார்க்காதது என் பிழை, அதை அவளிடமே சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதியும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

அந்த மணியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நீங்கள் விட்டுவிட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற சமயப் பணியாளர் 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடபகுதியில் வாங்கரே அருகே அதைக் கண்டார். விளிம்பு உடைந்த வெண்கல மணி, உயரம் 13 சென்டிமீட்டர்தான். அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்று அவர்கள் சொன்னார்கள். உலோகம் உருக்கும் வழக்கமே இல்லாத ஒரு மக்களிடம் வேரோடு மேலே வந்த அந்த வெண்கலம் எத்தனை அருமையான பொருளாக இருந்திருக்கும்! இப்போது அது வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைச் சுற்றி ஓடும் பழைய தமிழ் எழுத்துகள் அது முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று சொல்கின்றன. அந்தப் பெயரை உங்கள் காணொளி ஓர் இடத்திலும் உச்சரிக்கவில்லை. மணியில் இருக்கிற ஒரே மனிதப் பெயர் அது. அதைச் சொல்லியிருந்தால் போதும், என் மாணவியே கண்டுபிடித்திருப்பாள்: முகைதீன் என்ற பெயருள்ள ஒருவர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்திருக்க முடியும்? தமிழ் பேசும் முசுலிம் வணிகர்கள் கடலோடிய காலத்து மணி அது. அது சில நூற்றாண்டுப் பழமையே கொண்டது. எந்த நூற்றாண்டு என்பதிலும், எப்படி அவ்வளவு தெற்கே போனது என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் ஒதுங்கியிருக்கலாம், கைமாறிக் கைமாறியும் போயிருக்கலாம். நீங்கள் ஓர் அரசாட்சியை அங்கே நட்டீர்கள். அதற்காக, கப்பல் வைத்திருந்த ஒரு தமிழரின் பெயரை அழித்தீர்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

ஆகவே கேட்கிறேன்: எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

மணியோடு இது முடிந்தால் பரவாயில்லை. 1896 ஆகத்து 27 அன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவில் நடந்ததை ‘உலகின் மிகக் குறுகிய போர்’ என்று நகைச்சுவைத் துணுக்காகவே போடுகிறீர்கள். எத்தனை நிமிடம் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு: 38 என்பார் உண்டு, 45 என்பாரும் உண்டு. ஆனால் சுல்தானுக்குப் பிரித்தானியர் கொடுத்த கெடு காலை ஒன்பது மணிக்கு முடிந்ததும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சுல்தானின் அரண்மனையைச் சுட்டதில் அங்கே ஏறத்தாழ 500 பேர் இறந்தோ காயமுற்றோ போனார்கள். பிரித்தானியர் பக்கம் காயம்பட்டவர் ஒருவர். ஐந்நூறு பேர் வீழ்ந்த காலைப்பொழுதை ‘தேநீர் குடிப்பதற்குள் முடிந்த போர்’ என்று போடும்போது கை கூசவில்லையா?

அமெரிக்காவின் பாசுடன் நகரத்து வெல்லப்பாகு வெள்ளமும் அப்படித்தான். 1919 சனவரி 15 அன்று பெரிய எஃகுத் தொட்டி வெடித்துப் பாகு தெருவில் அலையாய்ப் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் வரை காயமுற்றார்கள். இறந்தவர்களில் பத்து வயதுக் குழந்தைகளும் உண்டு. அந்தத் தொட்டி முதலிலிருந்தே ஒழுகியது. ஒழுகல் கண்ணில் படாதிருக்கத் தொட்டிக்கே பாகின் நிறத்தில் வண்ணம் பூசினார்கள். வெடித்த பிறகு, யாரோ குண்டு வைத்தார்கள் என்று தொட்டிக்குச் சொந்தமான நிறுவனம் சாதித்தது. அது பொய் என்று வழக்கில் தெளிவாவதற்கு 1925 ஆயிற்று. நீங்கள் போட்டதோ பாகில் வழுக்கி விழும் கேலிச்சித்திரம். வழக்கின் ஆவணத்தைத் தேடிப் பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தப் படத்தைப் போட மனம் வந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆதாரம் தேடுகிறவர் போகிற வழியில் இறந்தவர்களையும் பார்த்துவிடுவார்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்கள் உழைப்பை நான் இகழவில்லை. இலங்கையின் காலி நகரில் வடிகாலுக்கு மூடியாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்லைப் பற்றி, 1409இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கச் செய்த அந்தக் கல்லைப் பற்றி, உங்களில் ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் நானே முதலில் அறிந்தேன். அவர் கடைசி வரியில் அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் மேற்கொண்டு படிக்க முடிந்தது. நான் கேட்பது அவ்வளவுதான்.

எந்த நூல், எந்த ஆவணம், எந்த அருங்காட்சியகம் என்று முடிவில் ஒரு வரி எழுதுங்கள். ஆய்வாளர்கள் முடிவு காணாத இடத்தில் முடிவு காணவில்லை என்று சொல்லுங்கள். பழையவற்றில் பிழை தெரிந்தால் நீக்கிவிட்டு ஒதுங்காமல், பிழை என்று அங்கேயே எழுதுங்கள்.

தயவுசெய்து மணியிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காணொளியின் கீழே முகைதீன் வக்குசுவின் பெயரையும் மணி இருக்கிற இடத்தையும் சேர்த்து, மூவாயிரம் ஆண்டு என்றது தவறு என்று எழுதுங்கள். எழுதியதும் எனக்குத் தெரிவியுங்கள். அதை அவளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை