வியாழக்கிழமைக் கூட்டம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமா? அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா? போன வாரம் போனில், "முதியோர் இல்லத்துக்கா போகிறாய், யாருமில்லாதவர்கள்தானே அங்கே இருப்பார்கள்" என்று கேட்டாயே, அது மனதிலேயே நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே முக்கால்வாசிப் பேர் தோட்டத்து ஆட்கள். லயத்தில், அதாவது தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளில் பிறந்து அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் இங்கே மரம் வெட்டுவது என்பார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குத்தான் சொந்தம். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை போட்டபோது வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று அடுக்குமாடியில் இருக்கிறார்கள், வந்து பார்க்கவும் செய்கிறார்கள். யாருமில்லாதவர்கள் இல்லை அக்கா.

தீபாவளி வந்தால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. போன வருஷம் ஒரே வாரத்தில் மூன்று கூட்டம் வந்தது, மூன்று தடவையும் பொன்னாடை, பிரியாணி, போட்டோ. உறுமி மேளம் மட்டும் எல்லோருக்கும் பிடித்தது. சீனப் புத்தாண்டுக்கு எதிர்க்கடைச் சீனர் ஆரஞ்சுப் பெட்டி தருவார், நோன்பு மாதத்தில் மலாய்ப் பையன்கள் பூபூர் லம்போக் கஞ்சி கொண்டுவருவார்கள். மற்ற நாளில் வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்காது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதனால் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வியாழன்தோறும் போக ஆரம்பித்தோம்.

முதலில் பிங்கோ வைத்தோம், யாருக்கும் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு தாத்தா தாயக்கட்டை கேட்டார். கீழே உட்கார முடியாதென்று மேசைத் துணியிலேயே கட்டம் போட்டோம், இப்போது அதற்குச் சண்டையே நடக்கிறது! பேப்பரும் உரக்கப் படிக்கிறோம். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை, அந்தத் தாத்தாவுக்கு எந்தப் பேப்பரும் இன்னும் 'நேசன்'தான். இங்கே அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க அவர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது மாதம் 10 வெள்ளி (இந்த ஊர்ப் பணம்) கட்டிச் சேர்ந்ததைத் தாத்தா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

இன்னொன்று கேள். பின்வேலிக்கு அந்தப் பக்கம் பழைய ரப்பர் மரம் ஒன்று தப்பி நிற்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் வெட்டிக் காட்ட ஒரு பாட்டி ஒப்புக்கொண்டார், வயது 86. பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது மணி பத்து. பாட்டிக்கு வந்ததே கோபம், "வெயில் ஏறினப்புறம் பால் எங்கே வரும்? விடியறதுக்குள்ள வரணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இருட்டு விலகுமுன்னே பிள்ளைகள் வந்தார்கள், நான் சுக்குக் காப்பி போட்டேன். மேல் இடப்பக்கமிருந்து கீழே வலப்பக்கமாகப் பட்டையை மெல்லிசாகச் சீவினார், கத்தி உள்மரத்தைத் தொடவே இல்லை. வெட்டின வழியே பால் இறங்கி மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டச் சொட்ட, பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மறுநாள் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துப் பந்தாகச் சுற்றி அவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு யாரும் அவருக்குப் பொன்னாடை போடவில்லை, ஆனால் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டியின் அப்பா நம் துறையூர்ப் பக்கம்தானாம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதை நிறுத்தியதே, அதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். ஆடிக்கு மாரியம்மன் கும்மி வைக்கலாம் என்றிருக்கிறோம், பாட்டிக்கு அவர் அம்மா பாடியதில் முதல் இரண்டு அடிதான் நினைவிருக்கிறது. அதை நான் கேட்டேன், நம் அம்மாயி பாடுகிற மெட்டு அப்படியே!

அம்மாயியை முழுசாகப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. மெதுவாகப் பாடச் சொல், இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கும்மி கொட்டுவார்கள். ஆடி பிறப்பதற்குள் வந்தால் பழகிக்கொள்ள நேரமிருக்கும்.

உன் அன்புத் தங்கை