எங்க லயத்துப் புள்ளைங்களுக்கு ஒரு ரூமும் ஒரு லைட்டும் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கேரளாவுல இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறவ. எங்க டிவிஷன்ல மூணு லயம், தொழிலாளிக குடியிருக்குற வரிசை வீடுகளத்தான் லயம்னு சொல்லுவோம், அம்புட்டும் தமிழ் ஆளுக தான், தாத்தா காலத்துல தமிழ்நாட்டுல இருந்து போடிமெட்டு ஏறி வந்த குடும்பங்க. உங்க பேப்பர் கீழ டீக்கடைக்கு வரும், எல்லாரும் படிச்சு முடிச்சு மடங்கிக் கசங்கி எங்க கைக்கு வர்றப்ப சாயந்திரம் ஆயிரும். பத்தாவது ரிசல்ட் வந்தா புள்ளைங்க படம் போட்டு எழுதுறீங்க, சந்தோஷமா இருக்கும். ஆனா பரீட்சைக்கு முன்னாடி அதுக என்ன பாடு படுதுகன்னு எழுதி நான் படிச்சதில்ல, அதான் நானே எழுதுறேன், நீளமா இருந்தா வெட்டிக்கங்க ஆனா கடைசியில நான் கேட்டிருக்குறத மட்டும் வெட்டிராதீங்க.

எம்மக பத்தாவது, தமிழ் மீடியம், கேரளா சிலபஸ். மார்ச்சுல எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்நாட்டுல பத்தாவதுக்கு அறிவியல் ஒரே பேப்பர், இங்க பிசிக்ஸ் தனி, கெமிஸ்ட்ரி தனி, பயாலஜி தனி. பயாலஜிக்கு 40 மார்க், ஒன்றரை மணி நேரம், அதுக்கு முன்னாடி 15 நிமிஷம் கேள்வித்தாளப் படிக்க மட்டும் விடுவாங்க, கூல் ஆஃப் டைம்னு பேரு. போன வருஷம் போடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப அங்க கடையில பத்தாவது சயின்ஸ் கைடு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், கூலி காசு, ஆசையா வாங்குனது. புள்ள பொரட்டிப் பாத்துட்டு அம்மா இது நமக்கு இல்லம்மா, அந்தப் பக்கத்துப் பாடம் வேறன்னு சொல்லுச்சு. திட்டக்கூட இல்ல, பாவம், அட்டை போட்டு பத்திரமா வச்சிருக்கு. இங்க எங்க கைக்குக் கெடைக்கிற கைடும் மாடல் பேப்பரும் பெரும்பாலும் மலையாளத்துல இருக்கு, இல்லாட்டி இங்கிலீஷ்ல.

அதுக்கு புள்ளைங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க, யாரும் சொல்லிக் குடுக்கல. மொத்தம் ஏழு பேரு. ஆறு பேரு தமிழ் மீடியம், கடைசி லயத்துப் பையன் ஒருத்தன் மட்டும் மலையாளம் மீடியம். அவன்தான் மாடல் பேப்பர் கொண்டாருவான், ஒவ்வொரு கேள்வியா சத்தமா படிப்பான், எம்மகளும் இன்னொரு புள்ளையும் அதத் தமிழ்ல நோட்டுல எழுதும். அவன் கரள்னு சொன்னா இதுக கல்லீரல்னு எழுதும், வ்ருக்கன்னா சிறுநீரகம், ஸ்வாசகோசம்னா நுரையீரல், இதெல்லாம் சீக்கிரம் பிடிச்சிருச்சுக. ஆக்னேயக்ரந்தின்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அன்னைக்கு ஏழு பேரும் அரை மணி நேரம் மண்டைய ஒடச்சிக்கிட்டு கடைசியில படத்தப் பாத்து அது கணையம்னு கண்டுபிடிச்சுதுக. இப்ப ஒரு நோட்டு முழுக்க இந்த மாதிரி வார்த்தையா இருக்கு, இந்தப் பக்கம் தமிழ் அந்தப் பக்கம் மலையாளம், மலையாளத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதி வச்சிருக்குதுக. பெரியவங்க பண்ணிக் குடுக்க வேண்டிய வேலைய பதினஞ்சு வயசுப் புள்ளைங்க பண்ணுது.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், வாசல்ல ஏழும் வரிசையா நிக்கிது. என்னன்னு கேட்டா நரம்பு செல்லாம். ஒவ்வொருத்தரும் ஒரு நியூரான், இடது கை விரல விரிச்சு வச்சிருந்தா அது டென்ட்ரைட், சேதி வாங்குற கிளை, ஒடம்பு தான் செல் உடல், நீட்டுன வலது கை ஆக்ஸான், சேதி கொண்டு போற நீள இழை, கை முஷ்டி அந்த நுனியில இருக்குற குமிழ். ஒரு கொழுந்த இடது கையில வாங்கி வலது கைக்கு மாத்தி அடுத்த ஆளுக்கு அனுப்பணும் ஆனா ஒருத்தர் கைய ஒருத்தர் தொடக்கூடாது, நடுவுல ஒரு சாண் இடைவெளி, அதுக்குப் பேரு சைனாப்ஸ். தொடாம எப்படிக் குடுக்குறது, தூக்கித்தான் போடணும். கைக்குள்ள போற வரைக்கும் அது மின் தூண்டல், இடைவெளியத் தாண்டணும்னா அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் வேணும், நாம தூக்கிப் போடுறோம்ல அதுதான் அது, அப்படின்னு எம்மக சொல்லுது. ஒரு சின்னப் பையன் கொழுந்த திருப்பிப் போடப் பாத்தான், உடனே ஏழும் சேந்து கத்துது திரும்பி வராதுடா, குமிழ் ஒரு பக்கம் மட்டும் தான் இருக்குன்னு. அப்புறம் கொழுந்து சாக்க வலது கையில சுத்திக்கிட்டானுக, அது மயலின் உறையாம், அது இருந்தா சேதி வேகமா போகுமாம்.

எங்க மாமியா திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. கால்ல முள்ளு குத்துனா உள்ள இம்புட்டு வேலை நடக்குதான்னு கேட்டுச்சு. அதுக்கு எதுத்த வீட்டுப் புள்ள, அது கிளாஸ்ல வாயே தொறக்காதுன்னு அவங்க அம்மா சொல்லும், அது சொல்லுது பாட்டி நீங்க முள்ளுன்னு நெனைக்கிறதுக்கு முன்னாடியே கால் தானா எடுத்துரும், அத எடுக்கச் சொல்றது முதுகுத்தண்டு வடம், மூளைக்கு அப்புறம் தான் சேதி போகும்னு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு ஐயா. கிளாஸ்ல கேக்க பயப்படுற புள்ள இங்க பாட்டிக்குப் பாடம் எடுக்குது.

அட்டைப் பூச்சி விஷயமும் சொல்லணும். இருபது வருஷமா மழைக்காலத்துல அட்டை கடிச்சுக் கடிச்சு என் கணுக்கால் முழுக்க தழும்பு. அட்டைய எடுத்துப் போட்ட பெறகும் ரத்தம் நிக்கவே நிக்காது, சாக்ஸ் நனைஞ்சு வீடு வரைக்கும் வடியும், ஏன்னு நான் நெனச்சதே இல்ல, அட்டைன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன். ரத்தம் உறையிற பாடம் படிக்கிறப்ப எம்மக என் காலக் காட்டித்தான் மத்தவங்களுக்கு சொல்லுச்சு. அடிபட்ட இடத்துல இருந்து த்ராம்போபிளாஸ்டின்னு ஒரு பொருள் வரும், அது ரத்தத்துல இருக்குற புரோத்ராம்பின த்ராம்பினா மாத்தும், த்ராம்பின் ஃபைப்ரினோஜென ஃபைப்ரின்னு நூலா மாத்தும், அந்த வலையில ரத்த செல்லு சிக்கி கட்டியாயிரும். அட்டையோட எச்சில்ல ஹிருடின் மாதிரி ஒரு பொருள் இருக்கு, அது த்ராம்பின வேலை செய்ய விடாது, அதனாலதான் அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. இத ஒருதரம் கேட்ட பெறகு அந்த வரிசைய ஏழு பேருல ஒருத்தரும் மாத்திச் சொல்லல, நானே இப்ப எழுதுறேன் பாருங்க, புத்தகத்தப் பாக்காம.

எல்லாமே சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஹார்மோன் பாடத்துல, இன்சுலின் ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும் குளுக்ககான் எறக்கும்னு ஒருத்தன் தலைகீழா சொல்லிக் குடுத்துட்டான், ரெண்டு நாள் ஏழு பேரும் அதத்தான் மனப்பாடம் பண்ணுச்சு. மாமியாவுக்கு சுகர் இருக்கு, அது மாத்திரை முழுங்குறப்ப எம்மக என்னமோ யோசிச்சிட்டு ஓடிப்போய் புத்தகத்த எடுத்துப் பாத்துச்சு. ரத்தத்துல குளுக்கோஸ் 100 மில்லிக்கு 70ல இருந்து 110 மில்லிகிராம் இருக்கணும், கூடுனா எறக்குறது இன்சுலின், கொறஞ்சா கல்லீரல்ல சேத்து வச்ச கிளைக்கோஜென எடுத்து ஏத்துறது குளுக்ககான். மறுநாள் அந்தப் பையன யாரும் கேலி பண்ணல, அவனையே திரும்ப சொல்ல வச்சாங்க. அதுல இருந்து யாரு பாடம் எடுத்தாலும் பக்கத்துல ஒரு ஆளு புத்தகத்தத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காரணும்னு சட்டம் போட்டிருக்காங்க.

சேந்து உக்காந்தா அரட்டை தான் அடிக்கும், அதுலயும் பொம்பளப் புள்ள ஆம்பளப் புள்ள சேந்து என்ன படிப்புன்னு லயத்துலயே சிலபேரு பேசுறாங்க. அரட்டை இருக்கு, இல்லைன்னு சொல்லல, பத்து நிமிஷம் சிரிக்கும், அப்புறம் ஒண்ணு அதட்டும், மறுபடி படிக்கும். வாசல்ல எல்லாருக்கும் தெரிய உக்காந்து படிக்கிற புள்ளைங்களப் பத்தி தப்பாப் பேசாதீங்கன்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்குறேன். தனியா ஒரு மூலையில மொபைல வச்சுக்கிட்டு உக்காந்தா இவங்களே படிக்கிதுன்னு சொல்லுவாங்க.

பெரிய பயம் யானை தான். அரிசிக்கொம்பன்ங்கிற காட்டு யானைய 2023 ஏப்ரல்ல புடிச்சுக் கொண்டு போயிட்டாங்க, அத்தோட யானை வர்றது நின்னுருச்சான்னா இல்ல. இருட்டுறதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கணும். புள்ளைங்க ஸ்கூல் விட்டு பஸ் புடிச்சு வந்து சேரவே அஞ்சு மணி ஆகுது, ஆறரைக்கு இருட்டிரும், அந்த ஒன்றரை மணி நேரம் தான் அதுகளுக்கு. போன மாசம் ஒரு நாள் தண்ணி டேங்க் பக்கத்துல ஒத்தக் கொம்பன் நின்னுக்கிட்டு நகரவே இல்ல, அந்தப் பக்கத்து லயத்துப் புள்ளைங்க நாலு பேரு எங்க ஒத்த ரூம்லயே தங்கிருச்சு. கஞ்சி காச்சி ஊத்துனேன், தொட்டுக்க கருவாடு. கரெண்டும் இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல கேள்வி கேட்டுக்கிட்டே தூங்கிப் போச்சுக, ஒரு புள்ள தூக்கத்துல கூட என்னமோ ஹார்மோன் பேரு சொல்லிக்கிட்டு கெடந்துச்சு.

எங்க டிவிஷன்ல ஒரு பழைய கிளப் ரூம் பூட்டியே கெடக்கு. கேரம் போர்டு வச்சிருந்த ரூமு, ஓடு நல்லா இருக்கு, மூணு லயத்துக்கும் நடுவுல இருக்கு. பரீட்சை முடியிற வரைக்கும் சாவி குடுங்க, நாங்களே கூட்டிப் பெருக்கிக்கிறோம்னு நாலு அம்மாமாரு போய் கேட்டோம். மேல கேட்டு சொல்றேன்னாங்க. மூணு வாரம் ஆச்சு. ரூமு கெடைச்சா ஏழு பேரு இல்ல, ஒம்பதாவது படிக்கிறதுகளும் வந்து உக்காரும், ரெண்டு அப்பாமாரு எட்டு மணிக்கு டார்ச்சோட வந்து கூட்டிட்டுப் போறதுக்கும் ஒத்துக்கிட்டாங்க. எங்க டிவிஷன் மட்டும் இல்ல, மூணாறு, பீர்மேடு பக்கமும் இதே மாதிரி லயம் தான், இதே மாதிரி புள்ளைங்க தான், அங்கயும் பூட்டிக் கெடக்குற ரூமு இருக்கும். எஸ்டேட் நடத்துறவங்க இதப் படிச்சா தயவு பண்ணி ஒரு ரூமும் ஒரு லைட்டும் குடுங்க, மார்ச் வரைக்கும் போதும்.

இன்னொண்ணு கல்வித் துறை ஆளுகளுக்கு. தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு மாடல் கேள்வித்தாள் தமிழ்ல அச்சடிச்சு ஒவ்வொருத்தர் கையிலயும் கெடைக்கிற மாதிரி பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ஸ்கூலுக்கு வந்து சேரணும். அதுவரைக்கும் உங்க பேப்பர்ல வாரத்துக்கு அரைப் பக்கம் கேரளா சிலபஸ் பயாலஜி கேள்வி தமிழ்ல போட்டீங்கன்னா டீக்கடைக்காரர்கிட்ட சொல்லி அந்தப் பக்கத்த மட்டும் கசங்காம வாங்கி வச்சுக்குவேன். புள்ளைங்க அந்த வார்த்தை நோட்ட இன்னொரு காப்பி எழுதிக்கிட்டு இருக்கு, அடுத்த வருஷம் பத்தாவது போற நாலு பேருக்குக் குடுக்க.

இப்படிக்கு,
பத்தாவது படிக்கிற புள்ளையோட அம்மா,
தேயிலைத் தோட்டத் தொழிலாளி,
சின்னக்கானல் பக்கம், இடுக்கி மாவட்டம்.