கத்தரிப்பூ நிறப் பவளம்

எய்யா,

கொடியேற்றத்தன்று நீ கூப்பிடுவாய் என்று அம்மா போனைச் சமையற்கட்டிலேயே வைத்திருந்தாள். பனிமய மாதா தேருக்குக்கூட உன்னிடமிருந்து போன் இல்லை. பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு வரி வந்தது: “அப்பா, கத்தரிப்பூ நிறத்தில் என்ன பவளம் வாங்கலாம்?” கூடவே நீ வைத்திருக்கிற புது மீன் தொட்டியின் வீடியோ. சிங்கப்பூரில் அத்தனை பேர் இருக்க, என்னிடம் கேட்கத் தோன்றியதே. தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டேன்.

மீன்வளக் கல்லூரியில் படிக்கிற உன் அக்கா மகனை உட்கார வைத்துக் கேட்டு, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கையுறை. சோவாந்திட் என்று பொத்தான் பூ மாதிரி ஒன்று விற்பார்களாம். கத்தரிப்பூ நிறத்திலும் கிடைக்குமாம். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்று ஒரு விஷம் இருக்கிறது. கையில் கீறல் இருந்தால் அதன் வழியாக ஏறும், கண்ணில் பட்டாலும் ஆபத்து. அது ஒட்டிய கல்லை வெந்நீர் ஊற்றித் தேய்க்கப் போய், ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டாம். கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதே. பாப்பா இருக்கிற வீடு. வீடியோவில் அவள் சத்தம் கேட்கவில்லை. ராத்திரி எடுத்தது, தூங்கியிருப்பாள்.

அடுத்தது நிறம். கடையில் நீல விளக்கைப் போட்டு வைத்திருப்பார்கள். அதில் பச்சையும் ஆரஞ்சும் மின்னும், கண்ணைப் பறிக்கும். நீ கேட்கிற நிறம் அந்த வெளிச்சத்தில் இருண்டு மங்கித்தான் தெரியும். அது ஒளிர்கிற ரகம் இல்லை. அதனால் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லி, அதில் பார்த்துத் தேர்ந்தெடு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நீ பிறர் முகம் பார்த்தே எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறவன்.

புதுத் தொட்டிக்கு எடுத்தவுடன் மான்கொம்புப் பவளம் வாங்காதே. முனை கத்தரிப்பூவாக இருக்கிறது என்று ஆசைப்படுவாய். தண்ணீர் நிலைப்பட மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் போய்விடும். ஊதா நிறக் காளான் பவளம் இருக்கிறது, அது தாங்கும். டார்ச் என்கிற பவளம் வாங்கினால் தனியாக வை, ராத்திரி அதன் கை நீண்டு பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். ஆறு மாதம் போகட்டும், மான்டிபோரா வாங்கலாம். தட்டு மாதிரி படரும், ஓரத்தில் மட்டும் கத்தரிப்பூக் கரை கட்டியிருக்கும். சேலைக்குப் பார்டர் மாதிரி.

இதை வாசித்துக் காட்டியபோது அம்மா எழுந்து போய், மருமகள் எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூச் சேலையைப் பீரோவிலிருந்து எடுத்து, உதறி, மறுபடி மடித்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கி வந்தது நாலு வாரத்தில் பழுப்பாக மாறினால் பயந்துவிடாதே. அதன் சதைக்குள் குடியிருக்கிற பாசி பெருகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் வெளிச்சம் போதாமல் இருக்கும். வெளுத்தால்தான் பயம், அந்தப் பாசி வெளியேறுகிறது. இங்கே 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் கடலுக்குள் பவளமெல்லாம் அப்படி வெளுத்தது. உன் ஊர் வெக்கைக்குத் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வேண்டும், 26 டிகிரியைத் தாண்ட விடாதே. கரண்ட் பில் ஏறும். பணம் தேவையென்றால் சொல். கையுறையும் மறக்காதே.

வளர்ப்புத் துண்டுதானா என்று கேட்டு வாங்கு. கடலில் வெட்டியது வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நீ ஐந்தாவது படிக்கும்போது ஒரு வாளியில் பவளம் கொண்டுவந்து கொடுத்தேனே. மான்கொம்பு, முனையெல்லாம் கத்தரிப்பூ. வலையில் மாட்டியது என்று சொன்னேன். பொய். அந்த இரண்டு வருஷம் நான் கணவாய் மீன் பிடிக்கப் போகவில்லை எய்யா, பவளக் கல்லுக்குப் போனேன். வான் தீவுப் பக்கம் முங்கி, கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் நிறைய ஏற்றிவருவோம். கரையிலிருந்து சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். 1986-லேயே அந்தத் தீவுகளையும் கடலையும் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவோம். உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது அந்தக் காசுதான். 2001-ல் புலிக்கு இருக்கிற அதே சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. அதற்குள் நான் விட்டுவிட்டேன், ஆனால் திருந்தி விடவில்லை, இடுப்பு போனதால் விட்டேன். விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவைச் சுற்றி இப்போது சிமெண்டில் பாறை செய்து இறக்கியிருக்கிறார்கள்.

சொல்ல வந்தது அதுகூட இல்லை. மறுநாள் காலையில் வாளியில் நிறம் போய்க் கிடந்ததைப் பார்த்து நீ அழுதாய். ராத்திரி நீ ஒரு பிடி உப்பு அள்ளிப் போட்டாய் அல்லவா, அதனால்தான் செத்தது என்று சொன்னேன். ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய், “நான்தான் கொன்னுட்டேன்” என்று. எய்யா, வள்ளத்தில் நாலு மணி நேரம் வெயிலில் கிடந்தது அது. வீட்டுக்கு வரும்போதே செத்திருந்தது. உன் உப்பு ஒன்றும் செய்யவில்லை.

பாப்பாவை ஒரு நாள் பேசச் சொல். மருமகளும் பேசலாம், எங்கே இருந்து பேசினாலும் சரி. நேரம் பார்க்க வேண்டாம், எனக்கு இப்போது நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

அப்பா