சோதனையைத் தாங்களே செய்யட்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேதியியல் ஆய்வகத்தில் பார்வையற்ற மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு முக்காலியும் பக்கத்திலிருப்பவரின் வர்ணனையும்தான். பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் குழாய்) திருகுபவர் ஒருவர், நிறம் மாறியதைச் சொல்பவர் இன்னொருவர். பார்வையற்ற மாணவர் விடையை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இவர்களும் சோதனையைத் தாங்களே செய்வதற்கான கருவிகளை உருவாக்குவதுதான் எங்கள் குழுவைச் சேர்ந்த மாணவியின் ஆய்வு. அக்கருவிகளைப் பள்ளி ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்க்க உங்கள் உதவியை நாடுகிறோம்.

முதல் கருவி, நிறமாற்றத்தை ஒலியாக்குகிறது. குடுவையின் ஒரு பக்கம் சிறு விளக்கு, மறுபக்கம் ஒளியுணரி. பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த காரக் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். அமிலம் சொட்டச் சொட்ட நிறம் மறையும். ஊடுருவும் ஒளி கூடக் கூடக் கருவி எழுப்பும் ஒலியின் சுருதி ஏறும். வெள்ளை விளக்கு வைத்தபோது இந்த ஏற்றம் போதவில்லை. அந்தக் கரைசல் அதிகம் உறிஞ்சுவது பச்சை ஒளியைத்தான் என்பதால் மாணவி பச்சை விளக்கைப் பொருத்தினார். இப்போது முடிவுநிலை (நிறம் மறையும் கட்டம்) காதுக்குத் தெளிவாக எட்டுகிறது. (மின்சாரமே வேண்டாத வழியும் உண்டு: வெங்காயச் சாற்றில் ஊறிய துணியின் மணம் நீர்த்த அமிலத்தில் நிற்கும், காரத்தில் போய்விடும்.)

அடுத்தது தொட்டுணர் படங்கள். அச்சிட்ட கருப்புக் கோடுகள் வெப்பத்தை உறிஞ்சிப் புடைத்தெழும் தனிவகைத் தாள் இதற்கு வேண்டும். பாடநூல் படத்தை அப்படியே அச்சிட்டால் பயனில்லை. பிரெய்ல் எழுத்தின் புள்ளிகளுக்கு நடுவிலேயே சுமார் 2.5 மி.மீ. இடைவெளி உண்டு, மிக நெருங்கிய கோடுகள் விரலுக்கு ஒன்றாகிவிடும். அதனால் செல்லின் சவ்வும் உட்கருவும் ஒரு தாளில், மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளமைப்பு வேறொரு தாளில் எனப் பிரித்து வரைய வேண்டியிருக்கிறது. நேரமும் தாளும் கரைவது இங்கேதான்.

இவர்கள் அறிவியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியே தவறு என்பது எங்கள் கருத்து. ஆனாலும் பதில் இருக்கிறது. மாணவப் பருவத்தில் பார்வையை இழந்த வாண்டா டியாஸ் மெர்செட், விண்வெளித் தரவுகளை ஒலியாக்கி ஆராயும் முறையில் 2013-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சிறுவயதிலேயே பார்வையிழந்த கீராட் வெர்மே, சங்குகளையும் சிப்பிகளையும் விரலால் தடவி ஆராய்ந்தே பெயர்பெற்ற பரிணாம உயிரியலாளர் ஆனார்.

இப்போது எங்களிடம் இருப்பது கையால் பற்றவைத்த ஒரே ஒரு மாதிரிக் கருவி. உங்கள் நன்கொடை, உணரிகள், மின்சுற்றுப் பலகைகள், புடைப்புத் தாள்கள், பிரெய்ல் கையேடுகளை அச்சிடுவது ஆகியவற்றுக்கே செலவாகும். குழுவினர் யாரும் ஊதியம் பெறுவதில்லை. கருவியின் வரைபடங்களை எவரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி இலவசமாகவே வெளியிடுவோம்.

சிறு தொகையானாலும் தயங்க வேண்டாம். ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணம் தர இயலாதவர்கள் பழுதில்லாத குடுவைகள், பியூரெட்டுகள், ஒலிபெருக்கிகளைத் தரலாம். மின்சுற்றுகளைப் பற்றவைக்கத் தெரிந்தவர்களும் பிரெய்ல் பிழைதிருத்தம் செய்யக்கூடியவர்களும் அவசியம் தொடர்புகொள்ளுங்கள். உடனடித் தேவை அவர்கள்தான். கருவிகளில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்